இங்கேயே வாழ்வோம் என்ற இயக்கம்

யூதர் அரசியல் என்றவுடன் நம்மில் பலருக்கு 1948-இல் தோன்றிய இஸ்ரேல் நாடே நினைவுக்கு வரும். அதற்கு மாறான பாதையில் நடந்த யூதத் தொழிலாளர் இயக்கம் ஒன்றை இக்கட்டுரையில் அறிமுகம் செய்ய விழைகிறேன்.

1897 ஆகஸ்டில் பாசெல் நகரில் முதல் சியோனிச மாநாடு கூடிற்று. பாலஸ்தீனத்தில் தாயகம் வேண்டும் என்றது அது. அதே ஆண்டு அக்டோபரில், ஜார் ஆட்சியிலிருந்த வில்னா நகரில் பதின்மூவர் இரகசியமாகக் கூடி 'பண்டு' என்னும் சங்கத்தை நிறுவினர். பிறந்து உழைக்கும் மண்ணிலேயே சமதருமத்திற்காகப் போராட வேண்டும் என்பது இதன் கொள்கை. ஏழை யூதர் பேசிய யித்திஷ் மொழியைப் பண்டு போற்றி வளர்த்தது.

1898-இல் ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சி தோன்றவும் பண்டு துணைநின்றது. ஆயினும், யூதத் தொழிலாளரின் தனிப் பிரதிநிதி என்னும் உரிமை மறுக்கப்படவே, 1903 மாநாட்டிலிருந்து அது வெளியேறியது.

பின்னர் போலந்தில் அது வேரூன்றியது. 1938 வார்சா நகராட்சித் தேர்தலில் யூதக் கட்சிகள் வென்ற 20 இடங்களில் 17 பண்டுக்கே கிட்டின. மறு ஆண்டே நாஜிப் படை புகுந்தது. உலகின் பாராமுகத்தைக் கண்டித்துப் பண்டுத் தலைவர் ஷ்முல் சிகில்பாய்ம் 1943-இல் லண்டனில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பண்டின் கொள்கை தோற்றது என்பாருண்டு. அக்கொள்கையை ஏற்ற மக்களே கொன்றழிக்கப்பட்டனர் என்பதை அவர்கள் மறக்கலாகாது என்பேன். வார்சா எழுச்சியின் தளபதிகளுள் ஒருவரான பண்டு வீரர் மாரெக் எடெல்மான், போருக்குப் பின்னும் போலந்தை விட்டு நீங்கவில்லை. அங்கேயே இதய மருத்துவராகத் தொண்டாற்றி 2009-இல் மறைந்தார்.