மூன்று தாள்களும் ஓர் ஈரலும்

ஹற்றன் பஸ் நிலையத்தில் மாலை வேளைகளில் நாம் காணும் காட்சி ஒன்றுண்டு. வைத்தியசாலையிலிருந்து திரும்பும் தோட்டத்து மக்கள், பரிசோதனைத் தாள்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்காகக் காத்து நிற்பர். அந்த ஒரு நாட் பயணத்துக்காக ஒரு நாட் பேரை இழந்து வந்தவர்கள் அவர்கள். நாற்பத்தெட்டு வயதுக் குடும்பத்தலைவர் ஒருவரை அவர்களிடையே கற்பனை செய்துகொள்வோம். அவரிடமுள்ள குருதிப் பரிசோதனைத் தாள், ஈரல் நலமாக உள்ளதென்கிறது. ஸ்கேன் தாளோ, ஈரலிற் கொழுப்பு படிந்துள்ளதென்கிறது. எதை நம்புவது? தாலிக்கொடியை அடகு வைத்து வேறொரு பரிசோதனை செய்வதா? அன்றி இரண்டையும் கிழித்தெறிந்துவிட்டு மலையேறுவதா?

இரண்டும் வேண்டா. இரு தாள்களும் உண்மையையே கூறியிருக்கலாம் என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

உடலுழைப்பு மிக்க நம் மக்களுக்கு இந்நோய் வாராது என்று எண்ணுவோர் பலர். நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு தோட்டங்களில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரிடையே நடைபெற்ற ஆய்வொன்று 2011ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மதுவினால் ஏற்படாத ஈரற் கொழுப்பு நூற்றுக்கு 18 பேரிடம் இருந்ததை அது காட்டிற்று. றாகமைப் பகுதியில் முன்னர் நடைபெற்ற ஆய்வில் இத்தொகை ஏறத்தாழ 33 ஆகும். நகரத்தவரைவிடக் குறைவே, எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

இனி, முடிவுகள் ஏன் முரண்படுகின்றன?

கொழுந்து மடுவத்துத் தராசை எண்ணிப் பாருங்கள். அது நிறையைச் சொல்லும். கொழுந்தின் தரத்தைச் சொல்லாது. தேநீரைச் சுவைத்துப் பார்ப்பவர் தரத்தைச் சொல்வார், நிறையை அறியார். ஈரற் பரிசோதனைகளும் இத்தகையனவே. கொழுப்பு, அழற்சி, தழும்பு என்பன மூன்று வேறு செய்திகள்.

எஸ்.ஜி.பி.டி. என்னும் குருதிப் பரிசோதனை, காயமுற்ற ஈரற் கலங்களிலிருந்து கசியும் நொதியத்தை அளக்கிறது. கொழுப்பு நிறைந்திருந்தும் கலங்கள் கசியாவிடின் முடிவு சாதாரணமாகவே இருக்கும். மாறாக, வழக்கத்துக்கு மீறிச் சுமை தூக்கிய பின்னர் குருதி கொடுப்பின், தசைகளிலிருந்தும் நொதியங்கள் வெளிப்பட்டு எண் உயரக்கூடும். சில மருந்துகளும் அதனை உயர்த்தும்.

ஸ்கேன், கொழுப்பைக் காண்பதில் வல்லது. ஆயினும் கொழுப்பு சொற்பமாயிருப்பின் அது தப்பிவிடும். பார்ப்பவரின் கணிப்புக்கேற்ப ஒருவர் முதற்படி என்பதை இன்னொருவர் இரண்டாம்படி என்னலாம். தொடக்க நிலைத் தழும்பை அது காட்டுவதில்லை.

உண்மையில் ஆபத்தை நிர்ணயிப்பது தழும்பே. அதனை ஊகிக்க ஓர் எளிய கணக்கு 2006ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. ஃபிப்-4 என்பது அதன் பெயர். வயதை ஏ.எஸ்.டி. எண்ணாற் பெருக்குக. குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையை (ஆயிரங்களில்) எஸ்.ஜி.பி.டி. எண்ணின் வர்க்கமூலத்தாற் பெருக்குக. முன்னதைப் பின்னதால் வகுக்க. நம் நண்பருக்கு ஏ.எஸ்.டி. 30, எஸ்.ஜி.பி.டி. 36, சிறுதட்டு 240 ஆயிரம் எனக் கொண்டால், 1440ஐ 1440ஆல் வகுக்க விடை 1 ஆகும். 1.3க்குக் குறைவாயின் முற்றிய தழும்பு இருத்தல் அரிது. 2.67க்கு மேற்படின் ஈரல் நிபுணரைக் காண வேண்டும். இடைப்பட்டதாயின் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் போன்ற சோதனை உதவும். அதற்கு முன் மூன்று மணி நேரமேனும் உண்ணாதிருத்தல் வேண்டும். உண்டபின் அளந்தால் எண் பொய்யாக உயரும். முப்பத்தைந்து வயதுக்குட்பட்டோருக்கு ஃபிப்-4 கணக்கு பொருந்தாது. அறுபத்தைந்தைக் கடந்தோருக்குக் கீழெல்லை 2 ஆகும்.

எனவே, எல்லாத் தாள்களையும் ஒருங்கே ஒரே வைத்தியரிடம் காட்டுங்கள். மது அருந்தும் அளவையும் உட்கொள்ளும் மருந்துகளையும் மறையாது கூறுங்கள். சீனி வியாதியும் இரத்த அழுத்தமும் உண்டா, மஞ்சட்காமாலைக் கிருமிகளான பி, சி வகைகள் உண்டா எனக் கேட்டறியுங்கள். கண் மஞ்சளித்தல், வயிறு வீங்குதல், இரத்த வாந்தி, கரிய மலம் ஆகியன தோன்றின் கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

நம் நண்பர் அஞ்சவேண்டுவதில்லை, அசட்டையாயிருக்கவும் கூடாது. உடற்பருமன் உள்ளவர் தம் நிறையில் நூற்றுக்கு ஐந்து பங்கைக் குறைத்தாலே ஈரற் கொழுப்பு குறையத் தொடங்கும். ஏழு முதல் பத்துப் பங்கு குறைந்தால் அழற்சியும் தணியக்கூடும். தேநீரிற் சேரும் சீனியையும், தட்டில் அடுக்கப்படும் கோதுமை ரொட்டியையும் குறைப்பதற்கு அடகுக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. மதுவை விலக்கினால் ஈரலுக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் நலமாகும்.

தாள்கள் சண்டையிடவில்லை, தத்தம் கேள்விக்கே விடை கூறின. எந்தத் தாள் எந்தக் கேள்விக்கு விடையென்பதை அறிந்துவிட்டால் பாதி அச்சம் அகன்றுவிடும். இன்றே வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய பரிசோதனைத் தாள்களைத் தேடியெடுத்துத் தேதி வாரியாக அடுக்கி வையுங்கள். படிக்கும் பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்யத்தக்க உதவி இதுவே.