தடுப்புத்தட்டின் எடையும் வெப்பமும்

ஓடும் மோட்டார்ச் சைக்கிளை நிறுத்துவதென்பது அதன் இயக்கச் சத்தியை வெப்பமாக மாற்றுவதேயாம். ஆளும் பொதியும் உட்பட 400 கிலோகிராம் எடையுடன் மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் நெடும்பயண வண்டியின் இயக்கச் சத்தி 125,000 யூல் ஆகும். வண்டியை நிறுத்துங்கால் அதிற் பெரும்பகுதியைத் தடுப்புத்தட்டுக்களே வெப்பமாக ஏற்கின்றன.

உருக்குத் தட்டுக்குப் பதிலாகச் சிலிக்கன் காபைட்டுத் துகள் கலந்த அலுமினியக் கூட்டுப்பொருள் தட்டைப் பூட்டின், அதன் எடை ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகும். சில்லும் மேடுபள்ளங்களில் இலகுவாக ஏறியிறங்கும். ஆயின், வெப்பத்தைத் தேக்கும் ஆற்றலுங் குறைதலால், அதே பருமனுள்ள தட்டின் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உயர்வெய்தும். அலுமினியமோ 660 பாகை செல்சியசில் உருகும். அதற்கு வெகு முன்னரே வலிமை குன்றும். பந்தய வண்டிகளின் காபன் தட்டுப் பெருவெப்பத்தைத் தாங்குமெனினும், குளிர்ந்த நிலையிற் சரிவரப் பற்றாது.

எனவே, தட்டின் எடையைக் குறைக்க விழைவோர், பொதியுடன் மலையிறங்குங்கால் வெப்பம் வெளியேறும் வழியை முதலில் ஆராய்தல் வேண்டும்.