நீர்க்கடுப்பு: வீடும் பஞ்சாயத்தும் செய்ய வேண்டுவன

நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்களுள் பலர், காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டால் வேலை முடிந்து திரும்பும் வரையில் தண்ணீர் பருகுவதைத் தவிர்த்து விடுகின்றனர். தண்ணீர் கிடைக்காமை மட்டும் இதற்குக் காரணமன்று. பருகினால் சிறுநீர் கழிக்க வேண்டி வரும். வயல்வெளியில் அதற்கு மறைவான இடம் கிடையாது என்ற கவலையே முக்கிய காரணமாகும். இவ்வாறு தாகத்தையும் சிறுநீரையும் ஒருங்கே அடக்கிப் பழகியவர்களை நீர்க்கடுப்பு எளிதில் பற்றுகிறது. வெளியே சொல்ல நாணி மறைப்பதால் நோய் முற்றுகிறது. இந்நோய் உண்டாகும் விதம், வீட்டில் கவனிக்கும் முறை, வராமல் தடுக்கும் வழி ஆகியவற்றைக் குடும்பத்தாரும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

நோயின் காரணம்

உடம்பில் சூடு ஏறியதால் நீர்க்கடுப்பு வந்தது என்று கூறுவது நம் நாட்டு வழக்கம். இதில் ஓரளவு உண்மை உண்டு. வெயிலில் உழைக்கும்போது உடலிலுள்ள நீர் வியர்வையாக வெளியேறுகிறது. சிறுநீர் குறைந்து, மஞ்சளாகச் சுண்டிக் கழிகிறது. அப்போது தோன்றும் எரிச்சல் போதிய தண்ணீர் பருகியதும் பெரும்பாலும் தணிந்து விடும். தணியாமல் தொடரும் கடுப்புக்குப் பெரும்பாலும் கிருமிகளே காரணமாகும்.

இக்கிருமிகளுள் தலையாயது 'ஈ. கோலை' என்பது. 1885-ஆம் ஆண்டில் தியோடோர் எஷரிக் என்னும் மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் இதனைக் கண்டறிந்தார். மனிதரின் குடலில் இது இயல்பாகவே வாழ்கிறது. அங்கிருக்கும் வரை பொதுவாகத் தீங்கு செய்வதில்லை. மலத்துவாரத்தின் அருகிலிருந்து சிறுநீர்த் துவாரத்தின் வழியே மூத்திரப்பைக்குள் ஏறிவிட்டால் அங்கே பெருகிப் புண்ணாக்குகிறது. ஆணின் சிறுநீர்க்குழாய் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமுடையது. பெண்ணின் குழாயோ 4 சென்டிமீட்டர் அளவே உள்ளது. ஆகவேதான் இந்நோய் பெண்களையே அதிகம் வருத்துகிறது. பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையேனும் இது வருகிறது.

நீர் ஓடும் வாய்க்காலில் பாசி தங்குவதில்லை. நீர் தேங்கினால் படர்ந்து விடும். மூத்திரப்பையின் நிலையும் அத்தகையதே. அவ்வப்போது நீர் பிரிந்தால் உட்புகுந்த கிருமிகள் அடித்துச் செல்லப்படும். அடக்கி வைத்தால் அவை பெருக அவகாசம் கிடைக்கும்.

அறிகுறிகளும் வீட்டுக் கவனிப்பும்

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி போக வேண்டுமென்ற உணர்ச்சி, போனால் சொட்டுச் சொட்டாகவே பிரிதல், அடிவயிற்றில் வலி, நீர் கலங்கியோ துர்நாற்றத்துடனோ இருத்தல் ஆகியவை இதன் குறிகளாகும். சில சமயம் இரத்தமும் கலந்து வரும்.

கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவது பல ஊர்களில் வழக்கமாக உள்ளது. அது மூத்திரப்பையிலுள்ள கிருமிகளை எட்டுவதில்லை. அதை நம்பி நாட்களைக் கடத்தலாகாது. பயன் தரத்தக்கது தண்ணீரே. நாள் முழுவதும் சிறிது சிறிதாக அதிகம் பருகி, நீர் வெளிறிப் பிரியுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். நீர்மோர், பார்லித் தண்ணீர், இளநீர் ஆகியவையும் நீரைச் சேர்ப்பதால் நல்லவையே. ஆனால் அவை கிருமியைக் கொல்லும் மருந்துகள் அல்ல. வெந்நீர் ஒத்தடம் அடிவயிற்று வலியைத் தணிக்கும். சிறுநீரகக் கோளாறு அல்லது இருதய நோய் உடையவர்கள், வைத்தியர் விதித்த அளவுக்கு மேல் நீரோ இளநீரோ பருகலாகாது.

வேறு நோயில்லாத பெண்ணுக்கு, இலேசான கடுப்பு இவ்வாறு கவனித்தும் இரண்டு நாட்களுக்குள் குறையாவிடில் ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைய வேண்டும். கர்ப்பிணிகள், குழந்தைகள், ஆண்கள், நீரிழிவு உடையோர் ஆகியோர் இரண்டு நாட்களும் காத்திராமல் உடனே செல்ல வேண்டும். குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், விலாவிலோ முதுகிலோ வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதம் கூடாது. காய்ச்சலும் விலா வலியும் கிருமிகள் சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதைக் குறிக்கக்கூடும்.

கர்ப்பிணிகளின் விஷயத்தில் தனிக் கவனம் தேவை. சிலருக்கு எரிச்சலே இல்லாமல் சிறுநீரில் கிருமிகள் இருக்கும். கவனியாது விட்டால் சிறுநீரக நோய்க்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் இடமாகலாம். ஆகையால் நோய்க்குறி இல்லாவிடினும் கர்ப்பிணிகள் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மருந்துக் கடையில் கேட்டு இரண்டொரு மாத்திரைகளை வாங்கி உண்பதும், முன்பு மிஞ்சியவற்றை உண்பதும், வைத்தியர் தந்ததை எரிச்சல் நின்றதும் நிறுத்திவிடுவதும் தவறு. இவ்வாறு செய்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும். பின்னர் நோய் வந்தால் அதே மருந்து பலிக்காமற் போகலாம்.

வராமல் தடுத்தல்

மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் சிறுநீர் கழிக்க வேண்டும். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுதல் வேண்டும். இப்பழக்கத்தைப் பெண் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே கற்பிக்க வேண்டும். கணவன் மனைவி உறவுக்குப் பின் பெண்கள் சிறுநீர் கழித்தல் நன்மை தரும். மாதவிடாய்த் துணிகளைச் சோப்பிட்டு அலசி, மறைவில் ஈரமாக வைக்காமல் வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும். மலச்சிக்கலும் இந்நோய்க்கு இடந்தருவதால் கீரை, காய்கறிகளை உணவில் சேர்த்தல் நலம்.

தண்ணீரின் பயன் ஆராய்ச்சியிலும் தெரிய வந்துள்ளது. அடிக்கடி நீர்க்கடுப்பு வந்தவர்களும் குறைவாக நீர் பருகி வந்தவர்களுமான 140 பெண்களைக் கொண்ட ஓர் ஆய்வின் முடிவு 2018-இல் வெளியாயிற்று. அவர்களில் ஒரு பாதியினர் நாள்தோறும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் பருகினர். ஓராண்டில் அவர்களுக்கு நோய் திரும்பியது சராசரி 1.7 முறையே, வழக்கம்போல் இருந்த மற்றவர்களுக்கோ 3.2 முறை.

பஞ்சாயத்தின் கடமை

எனினும், ஒதுங்க இடமில்லாத பெண்ணிடம் அதிகத் தண்ணீர் பருகு என்று கூறுவது பயனற்ற உபதேசமாகும். இங்குதான் பஞ்சாயத்தின் கடமை தொடங்குகிறது. குடிநீர், சுகாதாரம் ஆகிய இரண்டும், 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது திருத்தத்தின் வாயிலாக அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பதினோராவது அட்டவணையில், பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களுள் இடம்பெற்றுள்ளன.

ஊரக வேலை நடைபெறும் இடங்களில் குடிநீரோடு, பெண்கள் ஒதுங்க மறைப்பும் அமைக்க வேண்டும். நான்கு கழிகளும் சில தென்னங்கீற்றுத் தட்டிகளும் இருந்தால் இம்மறைப்பு ஒரு மணி நேரத்தில் முடியும். வேலை இடம் மாறும்போது எடுத்துச் செல்லவும் கூடும். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி அமைத்து, உள்ளே ஒரு குடம் தண்ணீரும் குவளையும் வைத்தால் போதும். நடவுக்கு ஆள் அழைக்கும் நிலச்சுவான்தாரும் தம் வயலோரத்தில் இதனைச் செய்யலாம். வேலையின் நடுவே இடைவேளை அளித்தலும் அவசியம்.

பள்ளிகளில் ஆண், பெண் குழந்தைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறைகள் இருக்க வேண்டுமென்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதிக்கிறது. கட்டடம் மட்டும் இருந்து, தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லாவிடில் பிள்ளைகள் மாலை வரை அடக்கியே வைப்பர். ஆகையால் அங்கத்தினர்கள் நேரிற் சென்று, குழாயில் நீர் வருகிறதா, கதவு சாத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், வயல், வேலைத்தலம், பள்ளி ஆகிய மூன்றிலும் உள்ள குறைகளைப் பெண்களின் வாயிலாகவே கேட்டறிந்து தீர்மானம் செய்தல் நலம். கூச்சத்தால் பேச இயலாதவர்களுக்காகப் பெண் அங்கத்தினர்கள் முன்னரே வீடுதோறும் விசாரித்து வரலாம். மறைவிடமும் குடிநீரும் கிடைத்துவிட்டால், வயலுக்குச் செல்லும் பெண் அச்சமின்றித் தாகம் தணிய நீர் பருகுவாள். இந்நோயைத் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி அதிலேயே நிறைவேறிவிடும்.