டோக்கியோவில் ரயில் தவறினால்? முதுகுப்பைப் பயணிகளுக்குச் சில பாடங்கள்

டோக்கியோ, இக்கெபுக்குரோ நிலையம். நள்ளிரவைத் தாண்டிய நேரம். ரயில் நின்றது, விளக்குகள் மங்கின, எல்லாரும் இறங்கினார்கள். நானும் தோழியும் மட்டும் இருக்கையில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் போகவேண்டிய உவேனோவுக்கு இன்னும் எட்டு நிலையங்கள் இருந்தன.

நிலைய ஊழியர் வந்து இரு கைகளையும் குறுக்கே வைத்துக் காட்டினார். 'இல்லை, முடிந்தது' என்பதற்கு அங்கே அதுதான் சைகை. வட்டப் பாதையில் ஓடும் ரயில்தானே, எப்படியும் சுற்றி உவேனோவுக்கு வந்துவிடும் என்று நம்பியது எங்கள் தவறு. கடைசி ரயில்கள் வட்டத்தை முடிப்பதில்லை, பாதி வழியிலேயே பணிமனைக்குத் திரும்பிவிடும். ரயிலின் முகப்பில் இக்கெபுக்குரோ என்று எழுதியிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை விமானம். பைகளோ உவேனோ விடுதியில். கைப்பேசியில் 6 விழுக்காடு மின்சக்தி. பேருந்துக்கும் ரயிலுக்குமாகப் பார்த்துப் பார்த்துச் சேமித்த பணமெல்லாம் அன்றிரவு டாக்சிக்குப் போனது. ஜப்பானில் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை டாக்சிக் கட்டணம் 20 விழுக்காடு கூடுதல் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

குறைந்த செலவில் ஊர் சுற்றும் நம் இளையர் பலருக்கு ஜப்பான் விருப்பமான நாடு. பெருவிரைவு ரயிலில் பழகிய நாம் டோக்கியோவில் ஏன் தடுமாறுகிறோம்?

ஒரு நிலையம், பல நிறுவனங்கள்

சிங்கப்பூரில் எந்த நிறுவனம் ரயிலை இயக்குகிறது என்று பயணி யோசிப்பதே இல்லை. ஒருமுறை அட்டையைத் தட்டி உள்ளே போனால் எந்தத் தடத்துக்கும் மாறலாம். கட்டணம் மொத்தத் தூரத்துக்குத்தான்.

டோக்கியோ அப்படி வளர்ந்த நகரமல்ல. ஜேஆர் ரயில்கள், 9 தடங்கள் கொண்ட டோக்கியோ மெட்ரோ, 4 தடங்கள் கொண்ட தோயெய் சுரங்க ரயில், இவற்றோடு பல தனியார் ரயில்கள் என ஒவ்வொன்றும் தனித்தனியே உருவானவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற, பெரும்பாலும் ஒரு கதவில் தட்டி வெளியேறி, நடந்து, வேறு கதவில் தட்ட வேண்டும். கட்டணமும் புதிதாகத் தொடங்கும்.

உலகிலேயே அதிகப் பயணிகள் வந்துபோகும் ஷின்ஜுக்கு நிலையத்தில் ஐந்து நிறுவனங்களின் ரயில்கள் கூடுகின்றன. வாயில்கள் மட்டும் 200க்கு மேல். அங்கே 'நிலையத்தில் சந்திப்போம்' என்று நண்பரிடம் சொன்னால், இருவரும் ஆளுக்கொரு மூலையில் நிற்பீர்கள். வாயிலின் பெயரைச் சொல்வதே வழி.

சுற்றுப்பயணிகள் வாங்கும் 72 மணி நேரச் சுரங்க ரயில் சீட்டிலும் இதே சிக்கல் உண்டு. மெட்ரோ, தோயெய் இரண்டிலும் அது செல்லும். ஜேஆர் இயக்கும் யமனோத்தே வட்டத் தடத்தில் செல்லாது.

வேகமான ரயில் நிற்காது

ஒரே நடைமேடைக்கு வரும் ரயில்கள் எல்லாம் ஒரே மாதிரி நிற்பதில்லை. எல்லா நிலையத்திலும் நிற்பவை, விரைவு, சிறப்பு விரைவு எனப் பல வகைகள் உண்டு. ஷின்ஜுக்குவிலிருந்து கிச்சிஜோஜிக்குப் போக நினைத்துச் சுவோ தடத்தின் சிறப்பு விரைவு ரயிலில் ஏறினால், அது நில்லாமல் அடுத்த நிலையமான மித்தாக்காவில்தான் இறக்கிவிடும். பதற வேண்டாம். எதிர்த்திசையில் ஒரே ஒரு நிலையம் திரும்பினால் போதும்.

விமான நிலையப் பயணத்தில்தான் தவறு விலையாகும். தோயெய் அசக்குசா தடத்தில் ஒரு திசையில் போகும் சில ரயில்கள் நரிட்டாவுக்கும், எதிர்த்திசையில் போகும் சில ரயில்கள் ஹனேடாவுக்கும் செல்கின்றன. 'விமான நிலையம்' என்ற சொல்லை மட்டும் பார்த்து ஏறிவிடக் கூடாது. நரிட்டா நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு. தவறை உணர்ந்து திரும்புவதற்குள் விமானம் புறப்பட்டிருக்கும்.

எழுத்தும் எண்ணும் துணை

ஜப்பானிய எழுத்துத் தெரியாதவர்களுக்கு நிலைய எண்கள் பெரிய உதவி. யமனோத்தே தடத்தில் மொத்தம் 30 நிலையங்கள். உவேனோவின் எண் ஜேஒய் 05, இக்கெபுக்குரோ ஜேஒய் 13, ஷின்ஜுக்கு ஜேஒய் 17. எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே சரியான திசையில் போகிறோமா என்பது தெரிந்துவிடும்.

காகிதச் சீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டோமே என்ற கவலையும் வேண்டாம். வெளியேறும் கதவருகே விடுபட்ட கட்டணத்தைச் செலுத்தும் இயந்திரம் இருக்கும். வித்தியாசத்தைக் கட்டினால் போதும், அபராதம் இல்லை.

நெரிசல் நேரத்தில் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வது அல்லது மேல்தட்டில் வைப்பது அங்குள்ள வழக்கம். பெரிய பைகளுக்கு நிலையங்களில் காசு போட்டுப் பூட்டும் பெட்டகங்கள் உண்டு. எந்த வாயிலருகே வைத்தோம் என்பதைப் படம் எடுத்துக்கொள்வது நல்லது.

புறப்படும் முன்

கடைசி ரயிலின் நேரத்தை மட்டுமன்றி, அது எதுவரை போகும் என்பதையும் பாருங்கள். நள்ளிரவுக்குப் பிறகு நிற்கும் ரயில்கள் அதிகாலை ஐந்து மணிவாக்கில்தான் மீண்டும் ஓடத் தொடங்கும். விடுதியின் முகவரியை ஜப்பானிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். கைப்பேசி அணைந்தாலும் தாள் அணையாது. கடப்பிதழ் எப்போதும் கையில் இருக்கட்டும், வெளிநாட்டவர் அதை வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

அன்றிரவு எங்களைக் காப்பாற்றியதும் ஒரு தாள்தான். தோழி பையில் மடித்து வைத்திருந்த விடுதியின் முகவரி அட்டையைப் பார்த்ததும் டாக்சி ஓட்டுநர் தலையசைத்தார். ஒரு சொல்கூடப் பேசாமல் விடுதி வாசலில் இறக்கிவிட்டார். விமானத்தையும் பிடித்துவிட்டோம். வீட்டில் அம்மாவிடம் இந்தக் கதையை நான் சொன்னது மட்டும் ஒரு மாதம் கழித்துத்தான்.