சிறு பள்ளியும் பழம் பாடமும்

சென்ற ஏப்ரல் திங்களில் என் அக்காள் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாள். அவளைப் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் மணம் செய்து கொடுத்திருக்கிறோம். அவள் மகளுக்கு ஒன்றாம் வகுப்பில் சேரும் வயது. வீட்டிற்கு அருகே மாதா கோயிலை அடுத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்று உள்ளது. நான்காம் வகுப்பு வரைதான்; பிள்ளைகள் முப்பதுபேர்கூட இல்லை. அப்பள்ளியைக் கடந்துகொண்டு ஓர் ஆங்கிலப் பள்ளியின் மஞ்சள் வண்டி நாள்தோறும் வாசலுக்கே வருகிறது. "நீதான் பெரிய படிப்புப் படிக்கிறவன். எதுல சேர்க்கட்டும், சொல்லு தம்பி" என்றாள்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ஏனெனில் நானும் அத்தகைய பள்ளியொன்றில் படித்தவனே. எங்கள் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியோடு இடுக்கி மலைக்கு வந்தவர். தாய் கொழுந்து கிள்ளுபவர். எங்கள் லயத்திற்குக் கீழே, மாதா கோயிலின் பின்புறம், தகரக் கூரையிட்ட நான்கு அறைகள்; அதுவே என் முதற் கல்லூரி. நான் கத்தோலிக்கன் அல்லேன். எங்கள் வீட்டுத் தெய்வம் மாரியம்மன். ஆதலின் மதப் பற்றினால் இதனை எழுதுகிறேன் என்று நண்பர்கள் எண்ண வேண்டா. தாவரவியலில் முதுநிலைப் பட்டத்திற்குப் பயிலும் ஒருவன், தனக்கு எது பயன்பட்டது என்று எண்ணிப் பார்த்து எழுதும் கணக்கே இது.

அப்பள்ளிகளின் பாடமுறைக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. ஐரோப்பாவில் நெடுங்காலமாகக் கல்வியை ஏழு கலைகளாகப் பகுத்திருந்தனர். முதல் மூன்று: இலக்கணம், தருக்கம், சொல்வன்மை. அடுத்த நான்கு: எண், வடிவக் கணிதம், இசை, வானியல். சேசு சபையார் 1599ஆம் ஆண்டில் தம் பள்ளிகளுக்கென ஒரு கல்வித் திட்டம் வகுத்தனர். ஆசிரியர் முதலில் பாடத்தை விளக்கிப் படிப்பார், மாணவன் அதனைத் திருப்பிச் சொல்வான், பின் எழுதுவான், பின் பிற மாணவரோடு வாதிடுவான். இவ்வளவே அதன் சாரம். நம் திண்ணைப் பள்ளியிலும் எண்சுவடியும் நிகண்டும் இப்படித்தானே நாவில் ஏறின? வாதிடும் பகுதி மட்டும் திண்ணையில் குறைவு.

துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற டாரதி சேயர்ஸ் என்னும் அம்மையார் 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். இக்காலப் பள்ளிகள் பாடங்களைக் கற்பிக்கின்றன, கற்கும் வழியைக் கற்பிப்பதில்லை என்பது அவருடைய குறை. சிறு வயதில் கிளிபோல் சொல்வதில் குழந்தை இன்புறும்; சற்று வளர்ந்தால் எதற்கும் எதிர்வாதம் பேசும்; அதன்பின் தன் கருத்தை அழகாகச் சொல்ல விரும்பும். அந்தந்தப் பருவத்தின் இயல்பையே கல்விக்குக் கருவியாக்க வேண்டும் என்றார். குழந்தைகளோடு பழகிய எவரும் இதனை மறுக்கமாட்டார்.

இம்மரபு நம் பக்கம் வந்த வரலாறும் சுவையானது. இத்தாலியில் இலத்தீன் இலக்கணம் கற்று வந்த வீரமாமுனிவர், தொன்னூல் விளக்கத்தை 1730இலும் சதுரகராதியை 1732இலும் இயற்றினார். நிகண்டு என்பது செய்யுள். அதனை முழுதும் மனப்பாடம் செய்தவனுக்கே பயன்படும். சதுரகராதியோ சொற்களை அகர வரிசையில் நிறுத்தியது. மனப்பாடத்தை அவர் ஒழிக்கவில்லை; அஃது இல்லாதவனுக்கும் ஒரு வாயில் திறந்தார். கேரளத்தில் சாவறை குரியாக்கோசு எலியாஸ் அடிகள் 1846இல் மன்னானத்தில் ஒரு வடமொழிப் பள்ளி தொடங்கினார். 1864இல் கோயில்தோறும் பள்ளி வேண்டும் என்று ஆணை விடுத்தார். மலையாளத்தில் 'பள்ளி' என்றால் தேவாலயம். ஆதலால் பள்ளியோடு சேர்ந்த கூடமே பள்ளிக்கூடம் என்று அங்குப் பலர் சொல்வர். தமிழில் அச்சொல் அதனினும் பழையது; சமணப் பள்ளிகளை நாம் மறந்துவிடக்கூடாது.

மூணாற்றில் கார்மல் மாதா ஆலயம் 1898இல் எழுந்தது. அம்மலைப் பகுதியை உட்கொண்ட விஜயபுரம் மறைமாவட்டம் 1930இல் அமைந்தது. என் அக்காள் வாழும் பக்கத்திலோ இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கர் நெடுங்காலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்திருந்தனர்; சுல்தான்பேட்டை மறைமாவட்டம் பிறந்தது 2013இல்தான். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் கேரளத்தில் நின்றன. அரசியல் எல்லை ஒரு பக்கம், கோயில் எல்லை மற்றொரு பக்கம். நடுவில் தமிழ் பேசும் மக்கள். கடைப் பலகை, அரசுக் கடிதம், மனுப் படிவம் பெரும்பாலும் மலையாளம். தமிழ் எங்களுக்கு வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. அதனை எழுத்தாகக் காட்டியது அந்தத் தகரக் கூரைதான்.

அங்கு என்ன செய்தோம்? நாள்தோறும் காலையில் கேட்டெழுத்து. ஆசிரியர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதுவதை மலையில் எல்லாரும் அப்படித்தான் அழைப்போம். ஐந்து சொற்கள் அல்லது ஒரு சிறு பத்தி. ஒரு முறைதான் சொல்வார். பின்னர் ஆத்திசூடி. பின்னர் ஒருவன் எழுந்து உரக்கப் படிக்க வேண்டும். படித்ததைப் புத்தகம் மூடித் தன் சொல்லில் கூற வேண்டும். எங்கள் வகுப்பில் இருந்தவர் ஒன்பது பேர். ஒன்பது பேரில் ஒளிந்துகொள்ள இடம் ஏது? நாற்பது பேர் உள்ள வகுப்பில் வாரத்திற்கு ஒரு முறை வரும் முறை, எங்களுக்கு நாள்தோறும் வந்தது. சிறு பள்ளியின் முதற் பயன் இதுவே என்பேன். இதற்குத் தனிக் கட்டடமோ கருவியோ தேவைப்படவில்லை.

நான்காம் வகுப்பில் ஒருநாள் வாத்தியார் ஒரு மூங்கில் துண்டையும், விறகுக்கு வந்த கிராண்டிஸ் கட்டை ஒன்றையும் மேசைமேல் வைத்தார். இரண்டையும் நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார். மூங்கில் வெளியே கடினம், உள்ளே வெறுமை. கட்டையிலோ உள்ளிருக்கும் சிவந்த வயிரமே கடினம். தொல்காப்பியர் முன்னதைப் புல் என்றும் பின்னதை மரம் என்றும் பகுத்தார் என்றார். "தென்னை மரம் என்கிறோமே?" என்று ஒருத்தி கேட்டாள். "நீயே சொல், அதன் வயிரம் எங்கே?" என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலை முழுதும் எங்கள் லயத்தில் அதே வழக்குத்தான். பல்லாண்டு கழித்து ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரங்களின் தண்டமைப்பை நுண்ணோக்கியில் கண்டபோது எனக்கு அந்த மேசையே நினைவுக்கு வந்தது. தொல்காப்பியர் பகுப்பும் இக்கால அறிவியற் பகுப்பும் முற்றிலும் ஒன்று என்று நான் கூற வரவில்லை. அவ்வாறு மார்தட்டுவது நம் கூட்டங்களில் வழக்கமாகிவிட்டது. கண்டு, ஒப்பிட்டு, பெயரிட்டு, பின் ஐயுறும் பழக்கம் அன்று தொடங்கியது. அவ்வளவே என் கூற்று.

எங்கள் உபதேசியார் முதியவர். 1960களின் சங்கத்திற்குப் பின் வழிபாடு தாய்மொழிக்கு மாறிவிட்ட போதிலும், தம் தந்தையிடம் கற்ற இலத்தீன் பாடல்களை அவர் மறக்கவில்லை. சில சொற்களுக்குப் பொருளும் சொல்வார். பயனற்ற அறிவு என்று அப்போது நினைத்தேன். தாவரவியலுக்கு வந்தபின் அல்லவா அதன் அருமை தெரிந்தது! 1935 முதல் 2011 முடிய, புதிய செடி ஒன்றைக் கண்டவர் அதன் விளக்கத்தை இலத்தீனில் எழுதினாலன்றி அப்பெயர் செல்லாது. 2012 முதல்தான் ஆங்கிலமும் ஏற்கப்பட்டது. கொச்சியில் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் முதலிய வைத்தியர்களின் அறிவைக் கொண்டு தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அப்பணியில் தொடக்கத்தில் உதவியவர் மத்தேயு என்னும் கார்மல் துறவி. நம் மலைநாட்டுச் செடிகளைப் பற்றிய அந்நூல் இலத்தீனில் இருந்தமையால், முழுமையாக ஆங்கிலத்தில் வர 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. பேராசிரியர் மணிலால் அவ்வருந்தொண்டைச் செய்து முடித்தார்.

இன்னொன்று சொன்னால் வியப்பீர்கள். என் தாய் நாள்தோறும் கிள்ளும் தேயிலையின் அறிவியற் பெயர் 'கமீலியா சினென்சிஸ்'. கமீலியா என்பது கமெல் என்ற சேசு சபைச் சகோதரரின் பெயர். இன்றைய செக் நாட்டு பிர்னோ நகரில் பிறந்து, மணிலாவில் மருந்துச்சாலை நடத்தி, பிலிப்பைன்ஸ் செடிகளை ஆராய்ந்து 1706இல் மறைந்தவர். அவரைச் சிறப்பிக்க லின்னேயஸ் அப்பெயரைச் சூட்டினார். சினென்சிஸ் என்றால் சீனத்தைச் சேர்ந்தது. 2018இல் எங்கள் மலையில் பூத்த குறிஞ்சிக்கு 'ஸ்ட்ரோபிலாந்தஸ்' என்று பெயர். கிரேக்கத்தில் கூம்பு, மலர் என்னும் இரு சொற்களின் கூட்டு. சொல்லைப் பிரித்துப் பொருள் காணும் பழக்கம் உடையவனுக்கு இப்பெயர்கள் சுமையல்ல. பகுதி, விகுதி என்று நன்னூல் வழியில் பிரித்துப் பழகிய அதே கை இதையும் பிரிக்கிறது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967இல் இராப்பினாட் உலர்தாவரகம் அமைந்ததும், சேசு சபையைச் சேர்ந்த மத்தேயு அடிகளார் அங்கிருந்து தமிழகத்துச் செடிகளைப் பெருந் தொகுதிகளாக வகுத்தளித்ததும் இம்மரபின் தொடர்ச்சியே.

பயன் அறிவியலோடு நிற்கவில்லை. தனிநாயக அடிகள் உரோமையில் பயின்றவர். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர். 1940களின் முற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். அங்குத்தான் ஒரு பண்டிதரிடம் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கு அவரே காரணர். இலத்தீனையும் கிரேக்கத்தையும் அளந்த கோலால் சங்க இலக்கியத்தை அளந்தபோது, அது குறைந்து நிற்கவில்லை என்று உலகிற்கு அவர் காட்டினார். அந்த அளவை தொடங்கிய இடம் பெருநகரக் கல்லூரியன்று, ஒரு கிராமத்துப் பள்ளி.

ஆனால் அதே வடக்கன்குளத்தின் தேவாலயத்தில் சாதிகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 1910இல்தான் அஃது இடிக்கப்பட்டது. பழமை என்றால் எல்லாம் பொன்னல்ல. என் பள்ளியிலும் பிரம்பு இருந்தது. பொருள் தெரியாமல் ஒப்பித்த பகுதிகளும் இருந்தன. நுண்ணோக்கியை நான் முதன்முதல் தொட்டது பதினொன்றாம் வகுப்பில். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேச இன்றும் சற்றுத் தயங்குகிறேன்; முதலாண்டில் வகுப்பறையில் வாய் திறவாமல் நான் இருந்ததை இங்குள்ள நண்பர்கள் அறிவர். அக்காளின் அச்சம் வீண் அச்சம் அன்று.

அதற்கு மேல் ஒரு துன்பம், பள்ளி நிலைக்குமா என்பது. கேரளத்தில் உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளில் தலை எண்ணுவர். அந்த எண்ணிக்கையைக் கொண்டே ஆசிரியர் பணியிடம் வகுக்கப்படும். பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கு 'ஆதாயமற்றது' என்று ஏட்டில் ஒரு பெயரே உண்டு. எவருக்கு ஆதாயம் என்று ஏடு சொல்வதில்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் ஹயட்ஸ்வில் என்னும் ஊரில் புனித ஜெரோம் பள்ளி கடனாலும் மாணவர் குறைவாலும் மூடும் நிலையில் இருந்தது. பெற்றோர் சிலரும் ஆசிரியரும் கூடி 2010இல் பழமுறைப் பாடத்திற்குத் திரும்பினர். பிள்ளைகள் மீண்டும் வந்தனர். அங்கே பெற்றோர் கட்டணம் செலுத்துவோர். கொழுந்து கிள்ளுவோரும் கூலி வேலை செய்வோரும் அவ்வாறு கூடித் திட்டம் வகுப்பது எளிதன்று. ஆயினும் சிறுமையே ஒரு பள்ளிக்குச் சாவு என்று கணக்கிடுவது தவறு என்பதற்கு அஃது ஒரு சான்று.

மூன்று நாள் கழித்து அக்காளுக்கு விடை சொன்னேன். நான்காம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளி. ஞாயிறுதோறும் நான் தொலைபேசியில் ஆங்கிலம் படித்துக் காட்டுவேன். மலையாளம் தெருவிலேயே வந்துவிடும். "நீ சொல்ற வாரம் தவறாம கூப்பிடுவியா?" என்று கேட்டாள். அத்தான் சிறிது முணுமுணுத்தார், பின் இசைந்தார்.

ஜூனில் ஒன்றாம் வகுப்பிற்கு நால்வர் சேர்ந்தனர். நான்காவது தலை என் மருமகளுடையது. இரு வாரம் சென்று, ஒரு ஞாயிறன்று, ஆங்கிலம் தொடங்குமுன் அவளே பேசினாள். கேட்டெழுத்தில் ஐந்துக்கு நான்கு சரியாம். தவறிய சொல் 'பள்ளி'. 'ள்ளி'க்கு 'ல்லி' போட்டுவிட்டாளாம். "பல்லின்னா செவுத்துல இருக்கிறதாம் மாமா, டீச்சர் சொன்னாங்க" என்று சிரித்தாள்.