வேக நீரில் சிறு படகு: புதிதாகப் பயில்வோர் கற்கும் முதற் பாடங்கள்

அலகநந்தாவும் பாகீரதியும் தேவப்பிரயாகையில் கூடிக் கங்கை எனப் பெயர் பெறுகின்றன. அங்கிருந்து ரிஷிகேசம் வரையில் கங்கை குறுகிய பள்ளத்தாக்கின் வழியே, பாறைகள் நிறைந்த படுகையில் இறங்கி வருகிறது. ரிஷிகேசத்திற்கு மேலே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவபுரியைச் சுற்றி, வேக நீரில் கயாக் என்னும் சிறு படகைச் செலுத்துவதற்கான பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. விளையாட்டின் பொருட்டே இவ்வகுப்புகள் தோன்றின. எனினும், நீரோட்ட அளவைக் கணிக்க ஆற்றில் இறங்கும் களப் பணியாளருக்கும், மாணவரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கும் இவற்றின் முதற் பாடங்கள் உயிர் காக்கும் அறிவாகும்.

படகின் அமைப்பு

வடதுருவப் பகுதியில் வாழும் இன்யூட் மக்கள் கடல்நாய்த் தோலைச் சட்டத்தின் மேல் போர்த்திச் செய்த வேட்டைப் படகே கயாக்கின் மூலமாகும். இதன் மேற்புறம் மூடியிருக்கும். ஒருவர் கால்களை நீட்டி அமர்ந்து, இரு முனைகளிலும் தகடுடைய துடுப்பினால் செலுத்துவார். கவிழ்ந்த படகை, அதனின்று வெளிவராமலேயே நிமிர்த்தும் வித்தையும் இம்மக்களுடையதே. ஆஸ்திரிய நாட்டின் எடி ஹான்ஸ் பாவ்லாட்டா 1927-ஆம் ஆண்டில் இதனைப் பயின்று ஐரோப்பாவில் பரவச் செய்தார். இன்றைய வேக நீர்ப் படகுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் வார்க்கப்படுகின்றன.

கவிழ்வதே முதற் பாடம்

தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிந்த மாணவர், முதலில் அசைவற்ற நீரில் வேண்டுமென்றே கவிழ்க்கப்படுகிறார். இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடியுள்ள உறையின் முன்புறத்தில் ஒரு பட்டை வளையம் உண்டு. தலைகீழாக உள்ள நிலையில் உடலை முன்னே வளைத்து, அவ்வளையத்தை இழுத்து உறையை விடுவித்து, இரு கைகளாலும் படகைத் தள்ளிவிட்டு வெளிவருதல் வேண்டும். இதற்குச் சில விநாடிகளே பிடிக்கும். அச்சம் நீங்கும் வரை இது மீண்டும் மீண்டும் செய்யப்படுகிறது.

படகை நிமிர்த்தும் பயிற்சி பின்னர் வருகிறது. புதியவர் இயல்பாகவே தலையை முதலில் உயர்த்த முயல்வார். தலையின் பாரம் படகை மீண்டும் கவிழ்த்துவிடும். இடுப்பை வெடுக்கெனத் திருப்பிப் படகை முதலில் நிமிர்த்தி, தலையைக் கடைசியில் கொணர்வதே முறையாகும்.

நீரின் மேற்பரப்பைப் படித்தல்

வேக நீரின் மேற்பரப்பு அடியிலுள்ள படுகையின் வடிவத்தைக் காட்டுவதாகும். கரையில் நின்று கவனிப்பவருக்குப் பின்வரும் அடையாளங்கள் புலப்படும்.

இரு பாறைகளின் நடுவே வழவழப்பான நீர் கூம்பாகக் குவிந்து, அதன் கூர்முனை ஆறு செல்லும் திசையை நோக்கியிருந்தால், அது ஆழமான வழி. கூர்முனை ஆறு வரும் திசையை நோக்கியிருந்தால், அம்முனையில் பாறை மறைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

பெரும் பாறையின் பின்னால் நீர், ஆறு வரும் திசையை நோக்கித் திரும்பி ஓடும். இவ்வெதிரோட்டம் படகோட்டி இளைப்பாறும் இடமாகும். ஆயினும் அதன் எல்லையைக் கடக்கையில் இரு ஓட்டங்கள் படகை எதிரெதிராக இழுப்பதால், புதியவர்கள் பெரும்பாலும் அங்கேயே கவிழ்கின்றனர். நுழையவிருக்கும் ஓட்டம் வந்து மோதும் பக்கத்துப் படகு விளிம்பை உயர்த்திப் பிடித்தால், நீர் படகின் மேல் ஏறாமல் அடியிற் செல்லும்.

வீழ்ந்து கிடக்கும் மரக்கிளைகள் மிகக் கொடியவை. நீர் அவற்றினூடே வடிந்து செல்லும். மனித உடலோ சிக்கிக்கொள்ளும்.

ஆற்று ஓட்டத்தின் கடுமை சர்வதேச அளவுமுறையில் 1 முதல் 6 வரை வகுக்கப்பட்டுள்ளது. தொடக்கப் பயிற்சி 1, 2 ஆகிய வகுப்புகளுக்குட்பட்ட நீரிலேயே நடைபெறுதல் வேண்டும்.

எழுந்து நிற்றல் ஏன் கூடாது?

ஓடும் நீரின் விசை, வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்கிறது. தொடையளவு நீரில் நிற்பவரின் கால்கள் ஓட்டத்திற்குக் காட்டும் பரப்பு ஏறத்தாழ 0.2 சதுர மீட்டர் எனக் கொள்வோம். நீரின் வேகம் விநாடிக்கு 1 மீட்டராயின், அவர் மீது சுமார் 10 கிலோ எடைக்குச் சமமான விசை தாக்கும். 2 மீட்டராயின் 40 கிலோ. 3 மீட்டராயின் 90 கிலோ. நீர் இடுப்பளவு கூட இல்லையே என்ற துணிவு எத்துணை ஆபத்தானது என்பது இக்கணக்கினால் விளங்கும்.

இந்நிலையில் பாதம் இரு கற்களிடையே சிக்குமாயின், நீர் உடலை முன்னே சாய்த்து அமிழ்த்திவிடும். தலை அரை மீட்டர் நீரின் கீழ் இருந்தாலும் மீள்வது அரிது. ஆகவே, வேக நீரில் வீழ்ந்தவர் எழுந்து நிற்க முயலலாகாது. மல்லாந்து படுத்து, பாதங்களை மேற்பரப்பிலும் ஆறு செல்லும் திசையிலும் வைத்து, கைகளால் கரையை நோக்கி நீந்துதல் வேண்டும். நீர் முழங்காலுக்குக் குறைவான ஆழமுள்ள, ஓட்டம் தணிந்த இடத்தை அடைந்த பின்னரே நிற்கலாம். முன்னே மரக்கிளைகள் தென்பட்டால் மட்டும் இம்முறை மாறும்: விலக இயலாவிடில், குப்புறத் திரும்பி அவற்றை நோக்கி வேகமாக நீந்தி, அவற்றின் மேல் ஏறிவிடுதல் வேண்டும்.

தடுப்பணைகளைப் பற்றிய எச்சரிக்கை

நீர் செங்குத்தாக விழும் இடத்தின் அடியில், மேற்பரப்பு நீர் அணையை நோக்கியே திரும்பிச் சுழலும். இயற்கையான பாறையின் கீழ் இச்சுழற்சிக்குப் பக்கங்களில் முடிவுண்டு. கரைக்குக் கரை ஒரே உயரமாகக் கட்டப்பட்ட தடுப்பணையின் கீழோ அது ஆற்றின் முழு அகலத்திற்கும் நீள்வதால், அகப்பட்டவர் பக்கவாட்டில் தப்ப இயலாது. மேலும், நீரில் காற்றுக்குமிழ்கள் பாதி கலந்திருக்குமாயின், அதன் மிதக்கவைக்கும் சக்தியும் பாதியாகிவிடும். ஆதலால், வீழ்ச்சி ஒரு மீட்டரே ஆயினும், நீர் வழிந்தோடும் தடுப்பணையின் கீழ் எவரும் குளிக்கவோ படகு செலுத்தவோ கூடாது.

வகுப்பறைக்கு உரியவை

படகு ஆற்றைக் கடக்கும் முறை, திசைவேகங்களின் கூட்டலுக்கு நல்ல உதாரணமாகும். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் படகு, 3 கிலோமீட்டர் வேகமுள்ள ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படாமல் நேரே கடக்க விரும்பினால், ஆறு வரும் திசையை நோக்கிச் சற்றுச் சாய்ந்து செல்லுதல் வேண்டும். அப்பொழுது குறுக்கு வேகம் 4 கிலோமீட்டராகும். 40 மீட்டர் அகலத்தைக் கடக்க 36 விநாடிகள் ஆகும். ஓட்டம் 5 கிலோமீட்டரை மிஞ்சுமாயின், எவ்வளவு சாய்த்தும் நேரே கடத்தல் இயலாது என்பதையும் மாணவரே கணக்கிட்டு அறியலாம்.

எதிரோட்டத்தைக் காட்டுவதற்கு ஆறு தேவையில்லை. பள்ளித் தோட்டத்து வாய்க்காலின் நடுவே ஒரு செங்கல்லை நிறுத்தி, சிறிது உமியைத் தூவினால் போதும். செங்கல்லின் பின்னே உமி திரும்பி வருவதையும், இரு ஓட்டங்களுக்கிடையே உள்ள எல்லைக் கோட்டையும் மாணவர் கண்ணாரக் காண்பர். அதன் பின்னர் எந்த ஆற்றங்கரையிலும், இறங்குவதற்கு முன் சிறிது நேரம் நின்று நீரைப் பார்க்கும் வழக்கத்தை அவர்களிடம் ஏற்படுத்துதல் ஆசிரியரின் கடமையாகும்.