பெயரும் உரிமையும்

ஒருவனுடைய பெயர் அவனுடைய சொத்து. அதை எவ்வாறு எழுதுவது, எவ்வாறு உச்சரிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவனுக்கே உரியது. இஃது அற்ப விஷயமென்று தள்ளுவோர் லிதுவேனியா தேசத்தின் சரித்திரத்தைச் சற்று நோக்குவாராக.

அத்தேசத்து ஆண்மக்களின் பெயர்களில் பிரசித்தமானது வீத்தௌத்தஸ் என்பது. முதலெழுத்து நெடிலாய் அழுத்தம் பெறும். அடுத்த அசை நம் ஔகாரத்தை ஒக்கும். ஈற்றிலுள்ள 'அஸ்' ஆண்பாற் பெயரின் எழுவாய் விகுதி. 'வீத்தௌத்தோ' என்று திரிந்தால் 'வீத்தௌத்தஸினுடைய' என்று பொருள்படும். துரத்துதலைக் குறிக்கும் 'வீத்தி', ஜனசமூகத்தைக் குறிக்கும் 'தௌத்தா' என்னும் இரண்டு சொற்களும் கூடியதே இப்பெயர் என்பது பெருவழக்கான கொள்கை. ஜெர்மானியர் தங்களைச் சுட்டும் 'டாய்ச்' என்னும் சொல்லும் பின்னதற்கு உறவுடையதே.

1410-ல் டியூடானிக் வீரசங்கத்தாரை முறியடித்த தலைவர்களுள் ஒருவனான மகாப்பிரபு வீத்தௌத்தஸால் இப்பெயர் புகழ் பெற்றது. 1430-ல் அவன் காலமானான். போலந்து நாட்டார் அவனை விட்டோல்ட் என்றனர்; ருஷியர் விட்டோவ்ட் என்றனர். அயலார் நூல்களில் அவன் அயற் பெயருடனேயே உலவினான்.

பெயருக்கு நேர்ந்தது பாஷைக்கும் நேர்ந்தது. 1864 முதல் 1904 வரை, 40 வருஷகாலம், லத்தீன் எழுத்தில் லிதுவேனிய பாஷையை அச்சிடலாகாதென்று ருஷிய சர்க்கார் தடுத்தது. ஜனங்கள் பணிந்தார்களா? இல்லை. கிழக்குப் பிரஷ்யாவில் புத்தகங்களை அச்சிட்டு, எல்லை கடந்து இரகசியமாய்ச் சுமந்து வந்தனர். பிடிபட்டோர் பலர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். அந்நாட்களிலேயே அவர்களுடைய அறிஞர்கள், போலிஷ் முறையைத் தழுவிய 'டபிள்யூ' என்னும் எழுத்தை விலக்கி 'வி' என்பதை வழங்கலாயினர். வீத்தௌத்தஸ் என்னும் பெயரின் முதலெழுத்து அவ்வாறு நிலைத்ததே. 1990 மார்ச்சு 11-ல் சுதந்திரப் பிரகடனம் செய்த சபையின் தலைவர் லாண்ட்ஸ்பெர்கிஸ் என்பாரின் முற்பெயரும் வீத்தௌத்தஸ்தான்!

இவ்வளவும் போற்றத்தக்கதே. ஆனால் வழக்கின் மறுபக்கத்தையும் கேட்பதே நியாயம். சுதந்திர லிதுவேனியாவில் வாழும் போலிஷ் மக்கள் தங்கள் பெயரை 'டபிள்யூ' கொண்டு எழுத விரும்பியபோது, சர்க்கார் பத்திரங்களில் அதற்கு நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. 2022-ல் இயற்றிய சட்டம் அவ்வெழுத்தையும் வேறு இரண்டையும் பெயர்களில் அனுமதித்தது. போலிஷ் எழுத்துக்களின் மேலும் கீழும் இடும் குறிகளுக்கு அதுவும் இடந்தரவில்லை.

எழுத்துரிமைக்காகச் சிறைவாசமும் நாடு கடத்தலும் கண்ட ஜனசமூகம், தன்னிடையே வாழும் சிறுபான்மையோரின் எழுத்துக்கு அஞ்சுவானேன்? தனக்குக் கேட்ட நீதியைப் பிறர்க்கும் வழங்குவதே சுதந்திரத்தின் பரீட்சை. அப்பரீட்சையில் லிதுவேனியா பாதி வழி வந்திருக்கிறது. மீதி வழியையும் நடந்து முடிக்குமாக.